‘ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே’ என்றால் நாம் எதற்கு முயல வேண்டும்? மறைநூல்களில் மோதும் பாட்டுகளைப் படிக்கும் முறை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சமய வகுப்பு எடுக்கிறேன். முதலில் பிள்ளைகளுக்குத் தேவாரம், அவர்கள் போன பிறகு பெரியவர்களோடு திருக்குறளும் கீதையும். இரண்டு கூட்டத்திலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி ஒன்று உண்டு. படிவம் நான்கு படிக்கிற பையன் இப்படிக் கேட்டான்: “டீச்சர், அப்பர் சாமி ஆட்டுவித்தாத்தான் ஆடுவோம்னு பாடறாரு. வள்ளுவர் முயற்சி பண்ணா கூலி கெடைக்கும்ங்கிறாரு. ரெண்டுல எது சரி?”

பெரியவர்கள் இவ்வளவு நேராகக் கேட்க மாட்டார்கள். “எல்லாம் தலையெழுத்து டீச்சரம்மா, நாம என்னா செய்ய முடியும்?” என்பார்கள். அதுவும் இதே கேள்விதான். இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இதன் விடை சோற்றோடு சம்பந்தப்பட்டது. விதி என்ற ஒரே சொல்லால் எத்தனையோ பேர் வாயை அடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதே சொல்லைப் பற்றிக்கொண்டு எத்தனையோ பேர் துக்கத்தைத் தாங்கியும் இருக்கிறார்கள். ஆகவே நாங்கள் வகுப்பில் படிக்கிற முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டுப் புத்தகமும், பாட்டுகள் முழுதாக அச்சான நூல்களும் இருந்தால் வீட்டிலும் செய்யலாம்.

முழுப் பாட்டையும் எழுதுங்கள்

மோதுவதாகத் தெரியும் இரண்டு பாட்டையும் நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதுங்கள். கைத்தொலைபேசிக்கு வருகிற ஒற்றை வரி போதாது. பாதிச் சண்டை அந்த ஒற்றை வரியால் வருவதுதான். “ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே” எல்லாருக்கும் தெரியும். ஆறாம் திருமுறையில் அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிப்பார்கள். “காட்டுவித்தால் ஆரொருவர் காணாதாரே, காண்பார் ஆர் கண்ணுதலாய் காட்டாக்காலே” என்று முடிகிறது. ‘கண்ணுதலாய்’, அதாவது நெற்றிக்கண் உடையவனே, என்று அழைப்பதைக் கவனியுங்கள். இது சிவனைப் பார்த்துச் சொன்ன பாட்டு. நமக்கு உபதேசமாகச் சொன்னதில்லை. இந்த ஒரு செய்தி எவ்வளவு பெரியது என்று பின்னால் சொல்கிறேன்.

எதிர்ப்பக்கத்தில் 619ஆம் குறள்: “தெய்வத்தான் ஆகாதெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்.” அதன் கீழே அடுத்த குறளையும் எழுதுங்கள்: “ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்றுபவர்.” ஊழையே, அதாவது விதியையே, முதுகு காட்டி ஓடவைப்பார்களாம், சோராமல் உழைப்பவர்கள். இதே வள்ளுவர்தான் 380இல் “ஊழிற் பெருவலி யாவுள” என்று கேட்டிருக்கிறார். ஊழைவிட வலியது எதுவுமில்லை, வேறொரு வழியை நாம் எண்ணினாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறார். அப்பரும் வள்ளுவரும் மோதுவது இருக்கட்டும், வள்ளுவரே வள்ளுவரோடு மோதுகிறார். இதைக் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்துபோவார்கள். மகிழட்டும். முரண்பாட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நூலை மூடிவிடுவார்கள். பார்த்து வியக்கிறவர்கள் மேலே படிப்பார்கள்.

யாருக்கு, எந்த நேரத்தில் சொன்னது?

இரண்டாவதாக, ஒவ்வொரு பாட்டின் கீழும் மூன்று விவரம் குறியுங்கள்: சொன்னவர், கேட்டவர், அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தது. இதற்குச் சம்பந்தரின் திருநீலகண்டப் பதிகத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், சம்பந்தரோடு வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்துக்கொண்டது என்று பெரியபுராணம் சொல்கிறது. இது இந்த நிலத்தின் இயல்பு என்றாலும் நம்மை அணுகாது என்று சொல்லிச் சம்பந்தர் பதிகம் பாடுகிறார். முதலாம் திருமுறையில் வரும் அந்தப் பதிகத்தின் முதல் பாட்டு:

“அவ்வினைக்கு இவ்வினை ஆம் என்று சொல்லும் அஃது அறிவீர்
உய்வினை நாடாதிருப்பதும் உந்தமக்கு ஊனம் அன்றே
கைவினை செய்து எம்பிரான் கழல் போற்றுதும் நாம் அடியோம்
செய்வினை வந்து எமைத் தீண்டப்பெறா திருநீலகண்டம்.”

அந்த வினைக்கு இந்த வினை என்று பேசத் தெரிந்திருக்கிறது உங்களுக்கு. பிழைக்கும் வழியைத் தேடாமல் இருக்கிறீர்களே, அது குறையில்லையா? கையால் தொண்டு செய்து அவன் அடியைப் போற்றுவோம், வாருங்கள். இதுதான் பொருள். வினைக் கொள்கையை அவர் மறுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொண்டு காய்ச்சலோடு படுத்துக் கிடப்பதைத்தான் கண்டிக்கிறார். அடுத்த பாட்டில் இன்னும் கீழே இறங்கி, “காவினை இட்டும் குளம்பல தொட்டும்” என்று சோலை வைப்பதையும் குளம் வெட்டுவதையும் சொல்லுகிறார். மண்ணில் கை வைக்கிற வேலை. பாட்டின் நிறைவிலோ காப்பவன் திருநீலகண்டன்தான்.

வினை, முயற்சி, அருள் மூன்றும் ஒரே பாட்டுக்குள் சண்டையில்லாமல் இருக்கின்றன. இந்தப் பாட்டை அடியார்கள் நலமாக இருந்த நாளில் பாடியதாக எண்ணிப் படித்தால் அதில் உள்ள பதற்றம் தெரியாது. காய்ச்சல்காரர்கள் நடுவில் நின்று பாடியது என்று தெரிந்தால் ‘ஊனம் அன்றே’ என்ற கேள்வி நம்மையே வந்து தொடும். எங்கள் ஊரில் டெங்கி பரவிய நாட்களில் இதைத்தான் வகுப்பில் ஓதினோம். ஓதி முடித்துப் பிள்ளைகளும் பெரியவர்களுமாகக் கோயிலைச் சுற்றித் தேங்கியிருந்த தண்ணீரைக் கொட்டினோம், பழைய டயர்களை அப்புறப்படுத்தினோம். அந்தப் பாட்டுக்கு வேறு விளக்கவுரை தேவைப்படவில்லை.

குறளுக்கும் இதையே செய்யுங்கள். ‘ஊழ்’ 38ஆவது அதிகாரம், அறத்துப்பாலின் கடைசி. துறவறத்தைச் சொல்லி முடித்த பிறகு, ஒரு வாழ்க்கையைப் பின்னால் திரும்பிப் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. ‘ஆள்வினையுடைமை’ 62ஆவது அதிகாரம், பொருட்பாலில் அரசியல் பகுதியில் இருக்கிறது. நாட்டை நடத்த வேண்டியவனிடம், நாளை காலையில் வேலை இருப்பவனிடம் சொன்னது. அவன் போய் ‘ஊழ்தான் பெரிது’ என்று உட்கார்ந்தால் குடிமக்கள் கதி என்ன ஆவது? ஆகவே அவனிடம் வள்ளுவர் வேறு குரலில் பேசுகிறார். 620க்குப் பரிமேலழகர் உரையையும் பாருங்கள். ஊழ் ஒரு முறை, இரு முறை விலக்கும், பலமுறை முயல்வார் பயன் அடைவார் என்ற கருத்தில் எழுதுகிறார். ஊழ் இல்லை என்று அவரும் சொல்லவில்லை.

619ஐப் படித்தபோது, பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர்ப் பால் எடுத்து, ஓய்ந்த ஒரு பாட்டி ‘கூலி’ என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மழ பேஞ்சா மரம் வெட்ட முடியாது டீச்சரம்மா. பட்ட நனைஞ்சிருந்தா பாலு கோட்டுல எறங்காது, வழிஞ்சு போயிடும். மழைய நாம நிறுத்த முடியுமா? ஆனா அன்னிக்கும் கத்தியத் தீட்டி வச்சிட்டுத்தான் பெரட்டுக்குப் போயி நிப்போம். எப்ப விடும்னு யாருக்குத் தெரியும்?” (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்கணக்கு எடுக்கும் கூட்டம்.) இதைச் சொல்லும்போது வலது கைப் பெருவிரலால் இல்லாத கத்தியின் முனையைத் தடவிப் பார்த்தார். தெய்வத்தான் ஆகாதெனினும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருளை நான் எந்த உரையிலும் படித்ததில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் வேலையும் வீடும் ஒருசேரப் போனவர்கள் பலர். அப்போது நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பாட்டாளிகள் தங்கள் கூலியிலிருந்து கட்டிய பணத்தில் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. அவர்களே தோட்டம் வாங்கினார்கள். நம் தாத்தா பாட்டிகள் விதியை நம்பியவர்கள்தான். தீ மிதித்தவர்கள், காவடி எடுத்தவர்கள். அவர்களேதான் பணமும் கட்டினார்கள்.

மேலும் கீழும் படியுங்கள்

மூன்றாவது படி எளிது, ஆனால் இதைச் செய்பவர்கள் குறைவு. ஒரு வசனம் உறுத்தினால் அதற்கு மேலே இரண்டும் கீழே இரண்டும் படியுங்கள். கீதையில் 18ஆம் அத்தியாயம் 61ஆவது சுலோகம்: ஈசுவரன் எல்லா உயிர்களின் இதயத்திலும் நின்று, யந்திரத்தில் ஏற்றியவை போல அவற்றை மாயையால் சுழற்றுகிறான். இதோடு நிறுத்தினால் நாம் பொம்மைகள்தான். 62 அவனையே சரணடையச் சொல்கிறது. 63இல் கண்ணன், இதை முழுவதும் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்கிறான். பொம்மையிடம் யாராவது ஆராய்ந்து பார் என்பார்களா? இரண்டே சுலோக இடைவெளி. எழுதியவருக்கு முரண்பாடு தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதே அத்தியாயத்தின் 14ஆவது சுலோகம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் சொல்கிறது: உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இந்த ஐந்தையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விவாதம் சூடேறும்போது உதவும்.

இந்தப் பக்கத்துப் பக்கத்து அமைப்பு நம் நூல்களில் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். அவர் வேதாகமத்தில் பிலிப்பியர் 2:12ஐக் காட்டினார். உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படுங்கள் என்கிறது. 13ஆம் வசனமோ விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. நடுவில் ஒரு ‘ஏனெனில்’ மட்டும். குர்ஆனில் 76ஆவது அத்தியாயத்தின் 29ஆம் வசனம், விரும்பியவர் இறைவன்பால் வழியை ஏற்றுக்கொள்ளட்டும் என்ற பொருளில் இருக்கிறது. 30ஆம் வசனம், அல்லாஹ் நாடினாலன்றி நீங்கள் நாடமாட்டீர்கள் என்கிறது. எங்கோ தூரத்தில் இருக்கும் இரண்டு வரிகளைத் தேடிப் பிடித்து ‘முரண்பாடு’ என்று காட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது: இவ்வளவு தூரம் போக வேண்டாம், அந்த நூல்களே இரண்டையும் ஒட்டி ஒட்டி வைத்திருக்கின்றன.

பாட்டின் முகம் எந்தப் பக்கம்?

என் மனத்தில் முதலிடம் இதற்குத்தான். இரண்டு பாட்டையும் எழுதி, இடமும் காலமும் குறித்த பிறகு, ஒவ்வொன்றும் யாரை நோக்கி நிற்கிறது என்று கேளுங்கள். ‘ஆட்டுவித்தால்’ சிவனை நோக்கி நிற்கிறது. திருவாசகத்தின் குழைத்த பத்தில் மணிவாசகர், “நன்றே செய்வாய் பிழை செய்வாய் நானோ இதற்கு நாயகமே” என்று சொல்வதும் அவனிடம்தான். என்னை ஆட்கொண்ட அன்றே என் உயிரும் உடலும் உடைமையும் உன்னுடையதாகிவிட்டதே என்று அழுத பிறகு, தன்னைப் பற்றி மட்டும் சொல்வது. ‘உய்வினை நாடாதிருப்பதும் ஊனம் அன்றே’ காய்ச்சலில் கிடக்கும் மனிதர்களை நோக்கி நிற்கிறது. குறள் 619 மனிதரை நோக்கி நிற்கிறது.

எல்லாம் நீயே என்பது கடவுளிடம், தன்னைக் குறித்துச் சொல்வது. எழுந்து முயல் என்பது மனிதரிடம் சொல்வது. திருமுறையில் நான் படித்த அளவில் இந்தத் திசையை மாற்றிப் போட்ட பாட்டு என் கண்ணில் படவில்லை. கீதை 18:61 மனிதனிடம் சொன்னதாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம், சரியான கேள்விதான். ஆனால் அங்கேயும் சொல்பவன் கடவுள், மனிதன் இல்லை. சொன்ன கையோடு ‘நீ ஆராய்ந்து செய்’ என்று பொறுப்பை அருச்சுனனிடம் திருப்பிக் கொடுத்தும்விடுகிறான்.

நாம் செய்யும் தவறு திசையை மாற்றுவதில் இருக்கிறது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு தாய் மோட்டார் சைக்கிள் விபத்தில் மகனைப் பறிகொடுத்தார். துக்க வீட்டில் ஒருவர் அவர் காது கேட்க, “எல்லாம் ஆண்டவன் போட்ட கணக்கு, அழுது என்ன ஆகப் போகுது” என்றார். அந்த அம்மா சட்டென்று அழுகையை விழுங்கிக்கொண்டார். பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஆறு மாதமோ பத்து வருடமோ கழித்து அந்த அம்மாவே விளக்கின் முன் நின்று “உன் சித்தம்” என்று சொன்னால் அது பக்தி. அவர் அழுதுகொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால் அது அவருடைய வாயை அடைப்பது. சொல் ஒன்றுதான், பேசும் வாய் வேறு. துக்க வீட்டுக்குப் போனால் தேநீர் போடுங்கள், நாற்காலி எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். ஊழ் அதிகாரத்தை அங்கே விரிக்காதீர்கள்.

அதே போல நம் சோம்பலுக்கும் இந்தப் பாட்டுகளைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது. பையனிடம் இதற்கு அப்பர் சிலையைக் காட்டினேன். எங்கள் கோயிலில் நால்வர் வரிசையில் அப்பரின் தோளில் சாய்ந்திருப்பது உழவாரம், புல் செதுக்கும் கருவி. ‘ஆட்டுவித்தால்’ பாடியவர் அதை வைத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். அவரேதான் “தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணி செய்து கிடப்பதே” என்று ஐந்தாம் திருமுறையில் பாடினார். தாங்குவது அவன் வேலை, பணி செய்வது என் வேலை. பையன் சிலையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்ப ஆடறது நாமதான், டீச்சர்” என்றான். மெய்கண்டார் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் 11ஆம் சூத்திரத்தில் இதைத்தான் சொல்கிறார்: “காணும் கண்ணுக்குக் காட்டும் உளம்போல்.” கண் தானாகப் பார்ப்பதில்லை, உயிர் உடனிருந்து காட்ட வேண்டும், அது போல உயிருக்கு இறைவன் உடனிருந்து காட்ட வேண்டும். அதற்காகக் கண் காணவே இல்லை என்று ஆகிவிடாது.

இறங்கி வராத பாட்டுகள்

இவ்வளவும் செய்த பிறகும் சில பாட்டுகள் இறங்கி வராது. குறள் 371ஐப் பாருங்கள்: “ஆகூழால் தோன்றும் அசைவின்மை கைப்பொருள் போகூழால் தோன்றும் மடி.” முயற்சி பிறப்பதே நல்ல ஊழால், சோம்பல் வருவதே கெட்ட ஊழால் என்கிறார். அப்படியானால் முயலும் மனமும் நம் கையில் இல்லையா? சைவ சித்தாந்தம் பழைய மூட்டையான சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், இப்போது செய்து சேர்க்கும் ஆகாமியம் என்று வினையைப் பிரிக்கிறது. நேற்று வரை நடந்ததைப் பிராரத்தம் என்று ஏற்று, நாளை செய்வதை ஆகாமியம் என்று கவனமாகச் செய்யலாம். நடைமுறைக்கு இது நன்றாக உதவுகிறது. என்றாலும் 371 இந்தப் பிரிவுக்குள் முழுதாக அடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ‘விதியை மதியால் வெல்லலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத் தேதியும் எழுதுங்கள். வேறொரு பாட்டு படிக்கும்போது திரும்ப அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். அவசரமாக முடிச்சை அவிழ்க்கப் போய் நூலை அறுத்துவிடுகிற பேச்சாளர்களை மேடையில் நிறையப் பார்க்கிறோம். வீட்டில் படிக்கிற நமக்கு அந்த அவசரம் இல்லை.

குழுவாகப் படித்தால் ஒருவர் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடட்டும், அடுத்த வாரம் அவரே எதிர்ப்பக்கத்தில் நின்று வாதாடட்டும். பெரியவர்களும் இதைச் செய்ய வேண்டும். ‘எல்லாம் அவன் செயல்’ என்றே பேசி வந்த ஒரு பெரியவர் முயற்சியின் பக்கம் நின்று பேசியபோது, தன் மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் பட்ட பாட்டையெல்லாம் எங்களிடம் முதன்முறையாகச் சொன்னார்.

எந்த ஜோடியில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: மறைநூல் இல்லையென்றாலும் புறநானூற்றின் 192ஆம் பாட்டை எடுங்கள். கணியன் பூங்குன்றனார் பாடியது. “தீதும் நன்றும் பிறர்தர வாரா” என்று மேலே இருக்கிறது. ஆற்றுநீர் வழியே போகும் தெப்பம் போல உயிர் முறைவழிப் போகும் என்று கீழே இருக்கிறது. ஒரே பாட்டு, ஒரே புலவர், சில வரி இடைவெளி. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற முதல் வரியை மட்டும் சுவரில் எழுதிப் படித்த பிள்ளைகளிடம் முழுப் பாட்டையும் கொடுத்து, தெப்பத்தில் இருப்பவன் கையில் துடுப்பு இருக்கிறதா இல்லையா என்று கேளுங்கள். பதிலை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அவர்கள் பாட்டைத் திரும்பப் படிக்கட்டும்.